கிருஷ்ணம்மாள் ஒரே தடவை சொன்ன பெயர்

எங்கள் பிரசவ வார்டு ரிஜிஸ்தரில் நாலாவது கட்டம் புருஷன் பெயருக்கு. அந்த ஒரு கட்டத்தை நிரப்புவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். பிள்ளை பெற வந்தவள் வயதைச் சொல்வாள், எத்தனையாவது பிரசவம் என்று சொல்வாள், மாமியார் செய்த கொடுமையைக் கேட்காமலே சொல்வாள். புருஷன் பேரைக் கேட்டால் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். "மலை மேல நிக்கறவரு பேரு சிஸ்டர்" என்பாள் ஒருத்தி. மலை மேல் முருகனும் நிற்கிறார், பெருமாளும் நிற்கிறார். "கையில வில்லு வெச்சிருப்பாரு" என்பாள் இன்னொருத்தி. ராமனா, ராமச்சந்திரனா, அர்ச்சுனனா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, சரியான பேர் வந்ததும் தலையை ஆட்டுவாள். அறுபதுகளில் காஞ்சிபுரத்தில் நர்ஸாக இருப்பதற்கு மருந்துகளின் பேர் தெரிந்தால் மட்டும் போதாது, சாமிகளின் பேரும் தெரிய வேண்டும். நானோ ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரி.

இந்த வேலையில் கெட்டிக்காரி கிருஷ்ணம்மாள்தான். என்னோடு நர்ஸ் பயிற்சி முடித்தவள், என் வயதுக்காரி. ஒரு குறிப்பு கிடைத்தால் போதும், பேரைப் பிடித்துவிடுவாள். அவளும் புருஷன் பேர் சொல்லாதவள் என்பதால் அந்தப் பாஷை அவளுக்குத் தெரியும். திருப்புட்குழியில் நிலமும் கிணறும் உள்ள வீட்டில் வாக்கப்பட்டவள். புருஷன் பேர் விஜயராகவன். அந்த ஊர்க் கோயில் பெருமாளுக்கும் அதே பேர். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வீட்டில் சொல்லிவைத்ததை இவள் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். கோயிலுக்குப் போனாலும் "எங்கூர் சாமி" என்றுதான் கும்பிடுவாள். அந்தப் பேரில் வரும் 'ராக' வாயில் படக் கூடாதாம், ராகு காலம் என்று சொல்ல மாட்டாள், "அந்தக் கெட்ட நேரம்" என்பாள். நோயாளிச் சீட்டில் ராகிக் கஞ்சி என்று எழுதியிருந்தால் "கேவுரு கஞ்சி" என்று படிப்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். என் புருஷன் அப்பாதுரை என்னோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனை நான் அன்று முதல் இன்றுவரை பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

விஜயராகவன் அதிகம் பேசாத ஆள். தினமும் காலையில் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பாலுச்செட்டிச் சத்திரம் வரைக்கும் கொண்டுவந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போவார். சாயங்காலம் அதே இடத்தில் வந்து நிற்பார். அவரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏமே" என்பார், "இந்தா" என்பார், அதோடு சரி. பிள்ளை இல்லை. அந்த ஊர்க் கோயிலில் வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள், முளைத்தால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். இவள் மூன்று தடவை கட்டினாள். முளைக்கவில்லை. மூன்றாவது தடவை அவர் அந்தப் பயற்றை வாங்கிக் கோழிக்குப் போட்டுவிட்டு, "போதும் வுடு, ஊர்ல பொறக்கற கொழந்தைங்க எல்லாம் உன் கையிலதான பொறக்குது" என்றாராம். அதை அவள் என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

அறுபத்து நாலாம் வருஷக் கடைசியில் நியூசிலாந்தில் பிரசவ நர்ஸ் மேல்படிப்புக்கு ஆள் அனுப்பப்போவதாகக் காகிதம் வந்தது. எனக்குத்தான் முதலில் ஆசை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? கிருஷ்ணம்மாளைப் பிடித்து மனுப் போடவைத்தேன். இங்கிலீஷ் படிப்பாள், எழுதுவாள். ஆனால் பெரிய டாக்டர் ஒரு கேள்வி கேட்டால் வாய் திறக்காது, என் முகத்தைப் பார்ப்பாள். "அதுக்குத்தான் போன உடனே மூணு மாசம் இங்கிலீஷ் கிளாஸ் வெச்சிருக்கறாங்களே, வெளிநாட்டுப் பசங்க எல்லாருக்கும்" என்றேன். மாமியார் பொன்னியம்மாள் முடியாது என்றாள். விஜயராகவன்தான், "போய்ட்டு வரட்டும்மா, படிக்கறவ படிக்கட்டும்" என்று முடித்தார்.

அவள் கிளம்பிய நேரம் இந்தி வேண்டாம் என்று ஊரெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பஸ் ஓடவில்லை. நாடே ஒரு பாஷைக்காகச் சண்டை போடும்போது நம்ம ஆள் இன்னொரு பாஷை படிக்கக் கப்பலேறுகிறாள் என்று நான் கிண்டல் செய்தேன், ஏறியது விமானத்தில்தான் என்றாலும். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரியில் விஜயராகவன் அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, "ஏத்தி வுட்டுட்டேன் சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெலிங்டனிலிருந்து நீல ஏர்மெயில் கடிதங்கள் எனக்குத்தான் நிறைய வந்தன. வீட்டுக்கு எழுதினால் கொழுந்தனாரோ மூத்தாரோ படித்துச் சொல்ல வேண்டும், மனதில் உள்ளதை எழுத முடியாது. காற்று ஆளைத் தள்ளுகிறது என்று எழுதினாள். புடவை மேல் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தால் குழந்தைகள் நின்று பார்க்கிறார்களாம். வகுப்பில் பதினெட்டுப் பேர். சயாம், இந்தோனேஷியா, கொரியா, லாவோஸ் என்று ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தேசம். ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குத் தெரியாது, ஆகவே சோற்றுக்கு உப்பு வேண்டும் என்றாலும் இங்கிலீஷில்தான் கேட்டாக வேண்டும். மிஸ் கார்ட்ரைட் என்று ஒரு டீச்சர். டேப் ரிக்கார்டரில் ஒவ்வொருத்தர் பேசுவதையும் பிடித்துப் போட்டுக் காட்டுவாளாம். முதல் தடவை தன் குரலைக் கேட்டபோது வேறு யாரோ தமிழ்ப் பெண் வந்திருக்கிறாள் என்று கிருஷ்ணம்மாள் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

இரண்டு வாரத்தில் கடைக்குப் போய்ச் சாமான் கேட்டு வாங்கினாள். நாலு வாரத்தில் பஸ் கண்டக்டரோடு வழக்குப் பேசினாள். எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஒரு இடத்தில் வண்டி நின்றுவிட்டது. உங்கள் கணவர் பெயர் என்ன, அவர் என்ன செய்கிறார் என்பது அந்த வகுப்பில் வாராவாரம் வரும் கேள்வி. கிருஷ்ணம்மாள் எழுந்துபோய்ப் பலகையில் எழுதினாள். எழுதினால் குற்றமில்லையாம், சொன்னால்தான் குற்றமாம். மற்ற பதினேழு பேரும் அதை ஆளுக்கு ஒரு விதமாக உரக்கப் படிக்க, இவள் காதைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷனிடம் கோபமா என்று கேட்டிருக்கிறாள்.

மார்ச் கடைசியில் எழுதிய கடிதத்தில் அவள் கவலை தெரிந்தது. "ஏப்ரல் இருபதாம் தேதி கடைசிப் பரீட்சை அன்னம்மா. எல்லார் முன்னாடியும் நின்னு அஞ்சு நிமிஷம் என் குடும்பம்ன்னு பேசணும். எழுதிக் காட்டக் கூடாதாம், வாயால சொல்லணுமாம். இதுல தேறலன்னா நர்ஸ் படிப்புல சேர்க்க மாட்டாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. இங்க எல்லா பொம்பளைங்களும் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்புடறாங்க. தெருவுல நின்னு கத்திக் கூப்புடறாங்க. ஆனா இங்க ஆம்பளைங்க எண்பது வயசு வரைக்கும் நல்லா இருக்கறாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

நான் அன்றே பதில் போட்டேன். இன்றைக்கும் அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். "அப்பாதுரையை நான் தினமும் இருபது தடவை பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவன் நாளுக்கு நாள் குண்டாகத்தான் ஆகிறான். சொல்லித் தொலை. ஒன்றும் ஆகாது."

அந்தக் கடிதம் வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போது விஜயராகவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பத்து நாள் முன்னால் கலப்பை கொழு காலில் கிழித்திருக்கிறது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். வரும்போதே தாடை இறுகத் தொடங்கியிருந்தது. ரண ஜன்னி, டாக்டர் பாஷையில் டெட்டனஸ். நர்ஸ் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு இப்படி வந்து சேர்ந்தாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெண்டாட்டி ஊரில் இருந்திருந்தால் அன்றைக்கே ஊசி போட்டிருப்பாள். அவளை அனுப்பிவைத்தது யார்? நான்தான்.

பிரசவ வார்டு வேலையை முடித்துக்கொண்டு வெளிச்சம் பட்டால் இழுப்பு வரும் என்று ஜன்னல் அடைத்து அவரைப் போட்டிருந்த அறையில் போய் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் பல்லுக்கு நடுவிலிருந்து அவர் என்னிடம் பேசினார். "அவளுக்கு எழுதாதீங்க சிஸ்டர். பரீட்ச முடியட்டும்." அதற்கப்புறம் வாய் பூட்டிக்கொண்டது. நாலு நாள் இருந்தார். ஏப்ரல் பன்னிரண்டு, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு உயிர் போனது. பக்கத்தில் அவருடைய அம்மாவும் அண்ணன் கோதண்டபாணியும் நானும் இருந்தோம்.

வராந்தாவிலேயே பேச்சு எழுந்தது. தந்தி கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கோதண்டபாணி என்னைப் பார்த்தார். பொன்னியம்மாள் மார்பில் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, தெளிவாகச் சொன்னாள். "சொல்லாதீங்க. வரவா முடியும் அவளால? மொகத்தப் பாக்கவா முடியும்? பரீட்ச எழுதட்டும். இன்னும் நாலு நாளு பூவும் பொட்டுமா இருக்கட்டும், வுடுங்க." மருமகளை அனுப்பாதே என்று சண்டை போட்ட மாமியார் அவள். அன்று அவள் காலில் விழலாம் போல எனக்கு இருந்தது.

இருபத்தொன்றாம் தேதி நான் திருப்புட்குழிக்குப் போனேன், கடிதம் எழுத. அந்த வீட்டில் எனக்குக் காபி கொடுப்பார்கள், டம்ளரை நான்தான் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். அது எத்தனையோ வருஷமாக நடப்பது, நானும் கிருஷ்ணம்மாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அன்று பொன்னியம்மாள் அந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னிக்கின்னு எழுதறது?" என்று கோதண்டபாணி கேட்டார். பன்னிரண்டு என்று எழுதினால் ஒன்பது நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். கட்டியவன் செத்தபின் ஒன்பது நாள் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேனே என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோவாள். நான்தான் வழி சொன்னேன். "இருபதுன்னு போடலாம். அன்னிக்கித்தான் அவளுக்குப் பரீட்ச முடியுது. சாயங்காலம் ஆறு மணின்னு எழுதறேன்." எழுதினேன். படிப்பை விட்டுவிட்டு வர வேண்டாம், முடித்துவிட்டு வா, அவர் ஆசைப்பட்டது அதுதான் என்றும் எழுதினேன். என்னவோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி ஒட்டித் தபாலில் போட்டேன்.

மே மாதம் முதல் வாரம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் கடிதம் கிடைப்பதற்கு முன்னால், பரீட்சை அன்றே எழுதியது. "சொல்லிட்டேன் அன்னம்மா! உன் கடுதாசி வந்த தைரியத்துல சொல்லிட்டேன். காலைல பதினோரு மணிக்கு எல்லார் முன்னாடியும் நின்னு, என் கணவர் பேர் விஜயராகவன், அவரு விவசாயம் செய்றாரு, அவருக்கு என்மேல ரொம்பப் பிரியம்னு இங்கிலீஷ்ல சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. சயாம் பொண்ணு வந்து கட்டிப் புடிச்சிக்கிட்டா. டீச்சர் அழுதுட்டாங்க. பேரு சொல்றது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்ததும் அவருகிட்டயே ஒரு வாட்டி சொல்லிப் பாக்கலாம்னு இருக்கேன். சிரிப்பாரு."

அதைப் படித்து நான் வார்டு அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். அழுதேனே தவிர, தேதியைத் தேதியோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பேர் சொன்னால் சாவு வரும் என்பதை நான் ஒரு நாளும் நம்பாதவள். நம்பாதவளுக்கு அது எப்படி உறைக்கும்?

அறுபத்தாறு செப்டம்பரில் கிருஷ்ணம்மாள் திரும்பி வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது, சான்றிதழில் முதல் வகுப்பு இருந்தது. ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸிலேயே தங்கிக்கொண்டாள். வேலையில் முன்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்தாள், ஆனால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். பெரிய டாக்டர் இங்கிலீஷில் கேட்டால் தமிழில் பதில் சொல்வாள். பட்டு வாங்க வந்த வெள்ளைக்காரி ஒருத்தி மயங்கி விழுந்து எங்களிடம் வந்தபோதும், கையைக் காட்டிக் காட்டித்தான் வைத்தியம் பார்த்தாள். "கடல் தாண்டிப் போயி ஊமையாகி வந்துருக்கறா" என்று மற்ற நர்ஸுகள் சிரித்தார்கள். எனக்கும் எரிச்சல் வந்தது. ஒரு நாள் திட்டியே விட்டேன். "அந்தப் பாஷையப் பத்தி எங்கிட்டப் பேசாத அன்னம்மா" என்றாள். துக்கம், போகப் போகச் சரியாகும் என்று நான் விட்டுவிட்டேன்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. ரிஜிஸ்தரின் நாலாவது கட்டத்துக்காக அவள் எந்தப் பெண்ணையும் கேட்பதில்லை, குறிப்பும் கேட்பதில்லை. ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய், அங்கே பீடி பிடித்துக்கொண்டு நிற்கும் ஆண்களிடம் ஒவ்வொருவர் பேராகக் கேட்டு எழுதிக்கொண்டு வருவாள். எனக்கு வேலை மிச்சமாயிற்று, அதனால் ஏன் என்று கேட்கவில்லை.

இப்படி ஆறு வருஷம் போயிற்று. எழுபத்திரண்டு ஆடி மாதம், பட்டப்பகல். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஜெயம்மாள் என்று ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண், தலைப் பிரசவம். வலி உச்சத்துக்குப் போனதும் எல்லாப் பெண்களும் செய்வதை அவளும் செய்தாள். "டேய் கலியா! நாசமாப் போறவனே! நீ வந்து பெத்துப் பாருடா!" என்று வார்டு அதிரக் கத்தினாள். நான் சிரித்தேன். வலியில் பேர் சொன்னால் எந்தப் பெண்ணையும் யாரும் குற்றம் சொல்வதில்லை. ஆனால் கிருஷ்ணம்மாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "சொல்லாதடி, சொல்லாதடி, ஆளு பூடுவான்டி" என்று கத்தினாள். ஜெயம்மாள் மூச்சு முட்டித் திமிறினாள். நான்தான் அந்தக் கையை இழுத்துப் பிரித்து, அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பிரசவத்தை முடித்தேன். ஆண் குழந்தை, தாயும் சேயும் சௌக்கியம்.

கையைக் கழுவிக்கொண்டு நர்ஸ் அறைக்குப் போனேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருந்தது. "பைத்தியமாடி உனக்கு? பிள்ளப் பெறவ வாயப் பொத்தறியே, நீயெல்லாம் நர்ஸா?" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவரக் கொன்னுட்டேன் அன்னம்மா" என்றாள்.

"என்ன ஒளர்ற?"

"பேர் சொல்லிக் கொன்னுட்டேன். அங்க பதினோரு மணின்னா இங்க விடியக்காலம் நாலரை. நான் சொன்னேன். அன்னிக்கே சாயங்காலம் ஆறு மணிக்கு அவரு போயிட்டாரு. பதிமூணரை மணி நேரம். எத்தினி தடவ கணக்குப் போட்டுட்டேன் தெரியுமா? உன் கடுதாசி வந்தன்னிக்கி ஆஸ்டல் குளிக்கற ரூம்ல நானே தாலியக் கழட்டி சோப்புப் பொட்டியில வெச்சேன். அழுவக்கூட எனக்கு யோக்கியத இல்லன்னு நெனச்சேன். கொன்னவ எப்டி அழுவா? ஒரு பாஷ கத்துக்கறதுக்காவ புருஷன வித்தவ நான்."

ஏழு வருஷம். அதில் திரும்பி வந்த ஆறு வருஷமும் பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு, என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டு, இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதே சமயம் எனக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது, மறைக்கவில்லை. இதற்கு மருந்து என் கையில் இருக்கிறதே, ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிடலாமே என்று நினைத்தேன்.

"அடிப் பாவி, அவரு போனது இருபதாந்தேதி இல்லடி! பன்னண்டாந்தேதி. திங்கக்கெழம காலையில பத்து மணி. நான் பக்கத்துலயே இருந்தேன். உன் பரீட்ச கெடக்கூடாதுன்னு நாங்கதான் சொல்லல. இருபதுன்னு தேதி போட்டது நான். என் கையாலதான் போட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "பன்னண்டா?"

"பன்னண்டு. சத்தியமா."

"அதான்..." என்றாள். "அதான் வருஷா வருஷம் பங்குனிக் கடசியில அத்த காக்காவுக்கு வடை வெச்சிக்கினு அழுதாங்களா. செத்துப்போன மாமாவுக்குத் தெவசம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நீ ஒண்ணும் பண்ணல கிருஷ்ணா. நீ பேர் சொன்னப்ப அவரு போயி எட்டு நாள் ஆயிடுச்சி."

இதைச் சொல்லிவிட்டு அவள் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். தெளியவில்லை. என் கண் முன்னாலேயே அந்த முகம் உடைந்து போயிற்று. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் பார்க்காத அழுகை அழுதாள். குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எட்டு நாள்... நான் கொன்னேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன் அன்னம்மா. ஆனா அதோட இன்னொண்ணும் நெனச்சிக்கினு இருந்தேன். பதினோரு வருஷம் கூட இருந்து ஒரே ஒரு வாட்டிதான் அவரப் பேர் சொன்னேன். அவரு உசுரோட இருக்கும்போது சொன்னேன். அந்தச் சத்தம் எப்டியோ கடல் தாண்டி அவரு காதுல உழுந்துச்சி, அதனாலதான போனாரு, அப்ப கேட்டுட்டுத்தான போனாருன்னு நெனச்சிக்குவேன். பாவம் என்னோட இருக்கட்டும், கேட்டுட்டாரு இல்ல, அது போதும்னு நெனச்சிக்குவேன். இப்ப அதுவும் இல்லன்ற. நான் கூப்ட்டப்ப யாருமே இல்ல."

மருந்து என்று நினைத்துக்கொண்டு நான் கொடுத்தது எது என்று அப்போதுதான் தெரிந்தது. அவளைப் போகச் சொன்னவள் நான், பேர் சொல்லச் சொன்னவள் நான், தேதி போட்டவள் நான். இப்போது அவளிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்டவள் நான்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ கூட இருந்தியே. கடைசில என் பேரச் சொன்னாரா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு தடவை அன்புக்காகப் பொய் சொன்னவள் நான், அதன் பலனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"'அவளுக்கு எழுதாதீங்க, பரீட்ச முடியட்டும்'னு சொன்னாரு. அதான் கடைசியாப் பேசினது."

"அவளுக்குன்னுதான் சொன்னாரா, பேரு சொல்லலியா."

"ஆமாம்மா. அப்பறம் வாய் பூட்டிக்கிச்சி."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து குழாயில் முகம் கழுவினாள், தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். மேஜை மேலிருந்த ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். வராந்தாப் பக்கம் போகவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

ஜெயம்மாள் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கிருஷ்ணம்மாளைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்தாள். கிருஷ்ணம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, "புருஷன் பேர் இன்னாம்மா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் முன்னால் வார்டு முழுக்கக் கேட்க அந்தப் பேரைச் சொல்லித் திட்டியவள், இப்போது வெட்கப்பட்டு முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"சொல்லக் கூடாது சிஸ்டர்."

"சொல்லும்மா" என்றாள் கிருஷ்ணம்மாள். "ஆளு இருக்கும்போதே சொல்லிடு. அவனக் கூப்ட்டு, அவன் காதுல உழற மாரி சொல்லு."

ஜெயம்மாள் என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு வராந்தாப் பக்கம் திரும்பி மெதுவாக, "கலியன்" என்றாள். கிருஷ்ணம்மாள் நாலாவது கட்டத்தில் அதை எழுதிக்கொண்டாள்.